செல்லம்மாவின் வலது கை

ஜூன் 11, 1957. செவ்வாய்.
விடியலிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம், ஒரே புகை. மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், ஒரு பிரசவம் பார்த்தேன். பெண். தாய் நலம்.
தோட்டத்து மருந்துச்சாலையில் இன்றும் செல்லம்மா. வலது தோளிலிருந்து விரல் வரை வலி, நாலு வருடமாக. தேயிலைக் கொழுந்து கிள்ள முடியவில்லை. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அமுக்கிப் பார்த்தார். "வீக்கமும் இல்ல, முறிவும் இல்ல. வேலைக்கள்ளி." அதே வெள்ளை மிக்சர் மருந்து.
வாங்க: பஞ்சு, சோப்பு, குடைக்குக் கம்பி.

ஜூன் 12. புதன்.
கோபத்தில் எழுத்து கோணுகிறது. செல்லம்மாவின் கண்ணைக் கட்டி, விரல் விரலாக ஊசியால் குத்தினார் அந்த டிஸ்பென்சர். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும். அவள் துடித்தாள். "பாத்தீங்களா, உணர்ச்சி நல்லாத்தான் இருக்கு. எல்லாம் நடிப்பு." சிரிப்பு வேறு.
மருத்துவச்சி மிஸி என்று பேர், நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சும்மா நின்றேன். என்னையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூன் 14. வெள்ளி.
மழை விட்டது. செல்லம்மா வீட்டுக்குப் போனேன். எண்ணெய் சுட வைத்துத் தோளில் தேய்த்துவிட்டேன். எப்போது தொடங்கியது என்றேன். இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லையாம்.
"மண்ணு சரிஞ்ச அன்னைக்கு, மிஸி. புள்ளய இந்தக் கையிலதான் புடிச்சிருந்தேன். மண்ணு இழுக்குது, நா விடல. விடவே இல்லங்க. அப்பறம் பாத்தா கையில ஒண்ணும் இல்ல."
ஐந்து வயது. ராசாத்தி. லயத்துச் சுவர் வெடித்திருப்பதை ஆபீசில் மூன்று தடவை சொன்னார்களாம். மழை முடியட்டும் என்று பதில். புதைத்த மறுநாளே வேலைக்குக் கூப்பிட்டார்களாம். அழக்கூட விடவில்லை, பாவிகள்.
நான் படித்த படிப்பில் இதற்குப் பெயர் இல்லை. ஆனால் இது பொய்யும் இல்லை. எலும்பு முறிந்தால்தான் வலியா?

ஜூன் 15. சனி.
டிஸ்பென்சரிடம் எல்லாம் சொன்னேன்.
"பழைய அழுகைக்கெல்லாம் மருந்து கெடையாது, மிஸி. திங்கக்கெழம மலைக்குக் கொழுந்து கிள்ளப் போகலன்னா பேர வெட்டச் சொல்லிருவேன்."
"அப்ப நா ஒண்ணு எழுதித் தர்றேங்க."
எழுதினேன். தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோரில் உட்கார்ந்து காம்பு பொறுக்கும் வேலை, ஒரு மாதம். இடது கையே போதும். மருத்துவச்சி இப்படித் துண்டுச் சீட்டு எழுதக் கூடாது. தெரியும். கீழே என் முழுப் பெயர்.

ஜூன் 17. திங்கள்.
செல்லம்மாவை ஸ்டோரில் சேர்த்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தேன். வலி குறையவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் ராசாத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.
பத்து மணிக்குத் தோட்டத்துத் துரையின் ஆபீசிலிருந்து ஆள். உடனே வரச் சொல்லி. டிஸ்பென்சர் வாசல்வரை வந்து வேடிக்கை பார்க்கிறார்.
என்ன கேட்பார்கள் என்று தெரியும். யாரைக் கேட்டு எழுதினாய்?
செல்லம்மாவைக் கேட்டு.