கம்பளிக் கிளி சொன்ன சாட்சி

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதினால் அப்பாவைப் பொறுத்தவரை அது முழு உண்மை, என்னைப் பொறுத்தவரை முக்கால் உண்மை, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் மிச்சக் காலும் சரியாகிவிடும். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, இரண்டு நாள் பேசாமல் இருந்தார், வீடு நிம்மதியாக இருந்தது, இப்போது பழையபடி ஆரம்பித்துவிட்டார். சமையலறைக் குழாய் சொட்டுவதைத் தானே சரி செய்கிறேன் என்று உட்கார்ந்து, சொட்டியதைக் கொட்ட வைத்துவிட்டு, கடைசியில் பிளம்பரைக் கூப்பிட்டோம். ஏன் போன் பண்ணாமல் கடிதம் என்று நீ கேட்க மாட்டாய். போன் மணி அடித்தால் இன்னும் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். சித்தப்பா உன்னைக் கூப்பிட்டு அழுதானாம், அண்ணி என்னைப் படம் எடுத்துவிட்டார்கள், அதை ஆபீசுக்கு அனுப்பினால் என் வேலையே போய்விடும், நீ சொன்னால் கேட்பார்கள் என்றானாம். ‘பாவம்மா, அனுப்பாதே, மன்னிச்சு விட்டுடேன்’ என்று எழுதியிருக்கிறாய். அனுப்புவேனா மாட்டேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவள் முதலில் வழக்கை முழுதாகக் கேட்க வேண்டும், அவன் உன்னிடம் பாதியிலிருந்துதான் சொல்லியிருப்பான்.

நான் ஏன் விடுப்பில் இருக்கிறேன் என்று உனக்கு மேலோட்டமாகத்தான் சொல்லியிருந்தேன். ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் இத்தனை வருடமாக எத்தனையோ குரல்களைக் கேட்டவள் நான், வீட்டுக்கு வந்து கை கழுவினால் அது அங்கேயே போய்விடும். அன்றைக்குக் கூப்பிட்ட பெண் என் வயதுக்காரி. வீட்டுக்காரர் கூடத்தில் விழுந்துவிட்டார், மூச்சு இல்லை. தரையில் மல்லாக்கப் படுக்கவை, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்து, நான் எண்ணுகிறேன், என் கூடவே அழுத்து என்று சொல்லி ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று ஆரம்பித்தேன். வண்டி வரவேண்டிய வேகத்தில்தான் வந்தது. நானும் சரியாகத்தான் சொன்னேன், அவளும் சரியாகத்தான் செய்தாள், ஆனாலும் அவர் பிழைக்கவில்லை. வண்டிக்காரர் உள்ளே வந்து அவள் கையை எடுத்துவிட்ட பிறகும் நான் எண்ணிக்கொண்டே இருந்தேனாம், பக்கத்து மேஜைப் பெண் வந்து என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை நிற்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, மாடிப்படி ஏறும்போது, அப்பா குறட்டை விடும்போது ஒன்று இரண்டு மூன்று நான்கு. யார் மேலும் தப்பு இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது, திட்டுவதற்காவது ஓர் ஆள் வேண்டும் அல்லவா. மனநல மருத்துவர் ஒரு சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். மாத்திரை எழுதினாள், விடுப்பு எழுதினாள், ‘வீட்டுக்குள்ளயே படுத்துக் கிடக்காதீங்க, வெளிச்சம் இருக்கும்போது வெளியே போங்க, ஓடுங்க, ஓட முடியலைன்னா நடங்க, வேர்க்கணும், அதுவும் மருந்துதான்’ என்றாள். நானா, ஓடுவதா, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் ஆயிற்றே. அப்பாவின் பழைய டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் போய் நின்றேன், முதல் நாள் ஒரு சுற்றுக்கே கண் இருட்டியது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ஓடும்போது அந்த எண்ணிக்கை யாரோ ஒருவருடைய நெஞ்சின்மேல் விழாமல் என் காலடியில் விழுந்தது. அங்கே விழுந்தால் வலிக்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு புதன்கிழமை, மைதானத்து ஓரத்தில் பிள்ளைகள் தொங்குகிற இரும்புக் கம்பி இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, எட்டிப் பிடித்துத் தொங்கினேன். உன் அம்மாவின் எடை உனக்குத் தெரியும். கை வழுக்கி மணலில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன், ஒரு ஷூ மட்டும் தனியாகப் போய் விழுந்தது, ஒரு நாய் அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த அழைப்புக்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து வரச்சொன்னார்கள். மேலதிகாரி அம்மாள் மேஜையில் ஒரு படத்தைத் திருப்பி வைத்தார். மணலில் உட்கார்ந்து வாயைப் பிளந்து சிரிக்கிற நான். யாரோ பெயர் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். ‘போன புதன்கிழமை காலையில எடுத்த படம், தேதி, நேரம் எல்லாம் இருக்கு, மறுக்க முடியாது. ஓடறவங்களால உட்கார்ந்து போன் எடுக்க முடியாதா?’ என்று கேட்டார். டாக்டர் ஓடச் சொன்னார் என்றேன். ‘ஓடச் சொன்னார், சரி. சிரிக்கவுமா சொன்னார்?’ என்றார். சிரிக்கத்தான் மேடம் ஓடவே சொன்னார் என்றேன். பொய் சொல்லி விடுப்பு எடுத்ததாகத் தெரிந்தால் வேலையை விட்டு நீக்க வேண்டியிருக்கும், டாக்டரிடம் விளக்கம் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிடுகிறேன் என்றார். ஷிப்ட் இன்சார்ஜ் என்ற முறையில் உன் சித்தப்பாவும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், ‘பாவம் மேடம் எங்க அண்ணி, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க’ என்று உச்சுக்கொட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நம் வீட்டுப் பிள்ளை நமக்காகப் பேசுகிறானே என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தேன். அது காருக்குள்ளிருந்து முன் கண்ணாடி வழியாக எடுத்த படம். மேல் மூலையில் பச்சையாக ஏதோ மங்கலாகத் தொங்கியது, அந்த அம்மாள் இலை என்று நினைத்திருப்பார். எனக்கு என் கை வேலை தெரியாதா. சிவப்பு வால், ஒரு கண்ணுக்குக் கறுப்புப் பொத்தான், கறுப்பு தீர்ந்துபோனதால் இன்னொன்றுக்கு வெள்ளை. அவன் கார் வாங்கியபோது நான் பின்னிக் கொடுத்த கம்பளிக் கிளி.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் அரை டிரவுசர் போட்ட பையன், கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான், அந்த ஆபீசில் வேலை காலி இருக்கிறது என்று கையைப் பிடித்து அழைத்துப் போனவளும் நான். வளர்த்த கடா மார்பில் பாய்வது என்பார்களே, அது இதுதான். இந்த வருடம் அழைப்பு அறைத் தலைவர் இடம் காலியாகிறது, அவன் இன்சார்ஜாக இருந்தாலும் சர்வீஸ் வரிசைப்படி எனக்கு வரவேண்டியது, நான் போய்விட்டால் அவனுக்கு. இவ்வளவுதான் விஷயம். அங்கேயே கத்தியிருக்கலாம், கத்தவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ‘அவசரப்படாதே, எல்லாக் கிளியும் பச்சைதான்’ என்றார். தம்பிப் பாசம், நான் என்ன செய்ய. ஒன்று மட்டும் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது, இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டேன். மருத்துவரிடம் சொன்னபோது ‘கோபம் வருதா? வரட்டும்’ என்று சிரித்தாள். திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டான் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். சித்தி டீ போட்டாள், குழந்தைகளைப் பற்றிப் பேசினோம், கிளம்பும்போது காரைப் பார்த்துவிட்டு, ஏண்டா, அந்தக் கிளிக்கு ஒரு கண் வெள்ளையாகவே இருக்கிறதே, கறுப்புப் பொத்தான் வாங்கி வைத்திருக்கிறேன், கழற்றிக் கொடு, தைத்துத் தருகிறேன் என்றேன். ‘உங்களுக்கு இருக்கிற கவலையில இது வேறயா அண்ணி’ என்று அவன் கையாலேயே கழற்றிக் கொடுத்தான். இரண்டாம் தடவை ஆபீசில் கூப்பிட்டபோது அந்த அம்மாள் மறுபடி படத்தை எடுத்து வைத்தார், அவன் மறுபடி உச்சுக்கொட்டினான். நான் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தேன், மூக்குக்கண்ணாடியை எடுத்தேன், அப்புறம் கிளியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ‘என்ன இது?’ என்றார். கிளி மேடம், படத்தில் தொங்குகிற அதே கிளி, நான் பின்னியது, யார் காரில் தொங்குகிறது என்று உங்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள் என்றேன். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், அப்புறம் மெதுவாக அவன் பக்கம் திரும்பி, ‘புதன்கிழமை காலையில நீங்க டியூட்டியிலதானே இருந்தீங்க?’ என்று கேட்டார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தான், கத்தவும் முடியாது, கையை உதறவும் முடியாது. டாக்டரின் விளக்கமும் வந்திருந்தது, என் விடுப்பு நிலைத்தது. அவன் இன்சார்ஜ் நாற்காலி போயிற்று, ஹெட்போன் மாட்டிக்கொண்டு எங்கள் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை நடந்தேன் என்று சொல்லமாட்டேன், மிதந்தேன்.

இதுவரைக்கும் அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். இனிமேல்தான் அவன் சொன்ன பாதி. இன்சார்ஜாக இருந்து மேற்பார்வை பார்ப்பது வேறு, குரலைக் காதில் வாங்குவது வேறு. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, ஏதோ ஒரு குழந்தையின் அழைப்பு வந்ததாம், அதற்கு மறுநாளிலிருந்து விடுப்பு, மன அழுத்தம் என்று. ஒரு தடவை மாட்டியவனை ஆபீசில் யாரும் முழுதாக நம்பவில்லை, நானும் நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை நான் நாலாவது சுற்றில் இருக்கிறேன், மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருவன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான், பார்த்தால் இவன். அதே நாய் அவன் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது, அவன் தடுமாறி, சமாளித்து, சிரித்துவிட்டான். என் கை தானாகப் போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு அணைந்ததைப் பார்த்தேன். அந்த நொடி எனக்குப் பரம திருப்தியாக இருந்தது, தாயிடம் பொய் சொன்னாலும் சொல்வேன், மகளிடம் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து மேலதிகாரி அம்மாளின் எண்ணுக்கு அனுப்பப் படத்தை எடுத்து வைத்துவிட்டேன், அனுப்புகிற பொத்தான் மட்டும்தான் பாக்கி. கீழே ஒரு வரி எழுத வேண்டுமே என்று யோசித்தேன். நோயாளி என்று விடுப்பில் இருப்பவர் நடக்கிறார், சிரிக்கிறார் என்று அடித்தேன். அடித்ததைப் படித்தேன். அது என் வரி இல்லை, அந்த அம்மாள் என்னைக் கேட்ட கேள்வி. அதை நான் அனுப்பினால் மணலில் உட்கார்ந்து நான் சிரித்ததும் திருட்டுத்தான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அவனைக் கவிழ்க்க என் சிரிப்பையே கொடுக்க வேண்டும், அந்த விலைக்கு அவன் தகுதியானவன் இல்லை. வரியை அழித்தேன், படத்தை அழிக்கவில்லை.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில், அனுப்ப மாட்டேன். ஆனால் நீ கேட்ட இரண்டாவதைத் தர முடியாது, மன்னிப்பு என்னிடம் இல்லை, இருந்தால் உனக்காகக் கொடுத்திருப்பேன். உண்மையாகவே அவனுக்கு மனசு சரியில்லை என்றால் நடக்கட்டும், வேர்க்கட்டும், நன்றாகட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்காமல் பக்கத்தில் ஓடுகிறேன். தினமும் அவன் ஒரு சுற்று நடப்பதற்குள் நான் இரண்டு தடவை அவனைத் தாண்டுகிறேன். தாண்டும்போது போன் என் கையில் இருக்கும். ‘என்ன கொழுந்தனாரே, உடம்பு பரவாயில்லையா?’ என்று கேட்பேன். ‘பரவாயில்லை அண்ணி’ என்று மூச்சிரைக்கச் சொல்வான், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பதா கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழிப்பான். கிளிக்குக் கறுப்புக் கண் தைத்துவிட்டேன், ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை, நம் கூடத்தில் டிவிக்கு மேலே வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறேன். அவன் வந்தால் உட்காருகிற நாற்காலி அதற்கு நேர் எதிரே. அப்பா நாற்காலியைத் தள்ளிப் போட்டார், நான் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டேன்.

நீ ராப்பகலாக அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்காராதே, கழுத்து போய்விடும், சாயங்காலம் அரை மணி நேரமாவது நட, மனசு ஏதாவது கனத்தால் யாரிடமும் மறைக்காதே, விடுப்பு எடுக்க வெட்கப்படாதே, உன்னை யாராவது ஒளிந்திருந்து படம் எடுத்தால் முதலில் மூலைகளைப் பார். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் நல்ல அடியாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. படத்தை அனுப்ப மாட்டேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சித்தப்பா மறுபடி கூப்பிட்டு அழுதால், ‘அம்மா இன்னும் யோசிச்சுட்டிருக்காங்க’ என்று சொல்லி வை.

இப்படிக்கு,
நாளைக் காலை ஆறாவது சுற்றை முயற்சி செய்யப்போகிற
உன் அம்மா