கறம்பக்குடி முத்திரை

புதுக்கோட்டை
8-2-1947

பீப்பீச் சித்தப்பாவுக்கு,

அழகம்மாள் எழுதிக்கொண்டது.

பிள்ளைகள் எல்லாம் உங்களை அப்படித்தான் கூப்பிட்டன. பூவரச இலையைச் சுருட்டி ஊதினால் வருகிற சத்தத்தைப் புனைபெயராக வைத்துக்கொண்ட வாத்தியார் நீங்கள் ஒருத்தர்தான். எனக்குத்தான் உங்களைக் கூப்பிட ஒரு பெயர் இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தை ‘இங்க பாருங்க’ என்றே ஓட்டிவிட்டேன். இந்தப் பெயரில் மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டிருக்கிறேன். அது உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று உங்கள் கருமாதி முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். இனிமேல் சொன்னால் யாருக்கும் குறைச்சல் இல்லை.

நம் அம்பாளு போய் மூன்று வருஷம் தாண்டிவிட்டது. நான் ஊருணியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். புடவையைப் பிழிந்து உதறிவிட்டுத் திரும்பினேன். படியில் உட்கார்ந்திருந்த பிள்ளை இல்லை. ஆறு வயது. அன்றையிலிருந்து நீங்கள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, ஒரு வார்த்தை தேற்றவும் இல்லை. ‘சோறு போடு’, ‘சாவி எங்க’, அவ்வளவுதான். ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். என் மேல் பழி வைத்திருக்கிறீர்களா இல்லையா என்பதே தெரியாமல் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் பிள்ளைகள் பத்திரிகைக்குக் கதை எழுத ஆரம்பித்தீர்கள். எங்கெங்கேயோ இருந்து பிள்ளைகள் கடிதம் போட்டன. ஒன்று விடாமல் பதில் எழுதினீர்கள். எழுதும்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அடுப்படியில் இருந்து அதைப் பார்ப்பேன். அதில் எனக்கும் கொஞ்சம் வேண்டும்போல இருந்தது. அதனால் நானும் ஒரு பிள்ளையானேன்.

என் சின்ன வயதுத் தோழி சொர்ணவல்லி கறம்பக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் அண்ணன் இங்கே சந்தைக்குக் கடலை கொண்டுவருவார். நான் எழுதினதை அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் அங்கே கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பார். உங்கள் பதில் அவர் கடைக்குப் போய், கடலை மூட்டையோடு எனக்குத் திரும்பி வரும். செவந்தி என்று பெயர் வைத்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து பிள்ளை எழுத்து மாதிரித்தானே இருக்கும். வேஷம் கட்டுவது கஷ்டமாக இல்லை.

ஆறு கடிதத்தையும் வரிசையாக அடுக்கி இதன் கீழே வைக்கிறேன்.

அழகம்மாள்


கறம்பக்குடி
12-6-1946

அன்புள்ள பீப்பீச் சித்தப்பாவுக்கு,

செவந்தியின் நமஸ்காரம். நான் நாலாம் வகுப்புப் படிக்கிறேன். தாங்கள் எழுதின ஓணான் ராசா கதை படித்தேன். ஓணான் தலையாட்டியே மந்திரியை ஏமாற்றினது நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி இருக்கிறது. அது உங்கள் கதையின் கடைசிப் பக்கத்தைத் தின்றுவிட்டது. ஆகையால் ஓணான் அப்புறம் என்ன ஆனது என்று எழுதவும்.

கதை எழுதும்போது தாங்கள் என்ன செய்வீர்கள்? யோசனை வராவிட்டால் என்ன செய்வீர்கள்? பதில் போடவும். எழுத்துக் கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும்.

செவந்தி
மேற்பார்வை ஆவுடையப்பன் கடலைக் கடை


புதுக்கோட்டை
21-6-1946

கண்ணு செவந்திக்கு,

பீப்பீச் சித்தப்பாவின் ஆசீர்வாதம். ஆட்டுக்குட்டிக்கு என் கதை ருசித்தது கேட்டுச் சந்தோஷம். பத்திரிகை ஆசிரியருக்குக்கூட இவ்வளவு ருசித்ததில்லை. ஓணான் ராசாவானது. ஆனால் கிரீடம் வைத்தால் தலையாட்ட முடியவில்லை என்று கழற்றி வைத்துவிட்டு வேலிக்கே போய்விட்டது.

நான் எழுதுவதை நேரில் பார்த்தால் சிரிப்பாய். பித்தளைப் பேசினில் தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்காருவேன். கால் குளிர்ந்தால்தான் எனக்குத் தலை ஓடும். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியால் கூடத்துச் சிமிட்டித் தரையில் கதைக்கு வழி போடுவேன். இந்தத் தூண் அரண்மனை, அந்த உரல் மலை என்று. ஓணான் தூணில் கிளம்பி அடுப்படி வாசலில்தான் முடி சூடினது. யோசனை வராவிட்டால் பூவரச இலையைச் சுருட்டி ஊதுவேன். பக்கத்து வீட்டு ரெங்கசாமி, “வாத்தியாரே, கல்யாண வீடா, கருமாதி வீடா? சொன்னா எலை எடுத்துக்கிட்டு வந்துருவேன்ல” என்று சுவருக்கு அங்கிட்டு இருந்து கத்துவார்.

ஒரு கதை முடிய எட்டு நாள், பத்து நாள் ஆகும். அத்தனை நாளும் அந்தக் கோடுகள் தரையிலேயே கிடக்கும். என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். தினமும் கூடம் முழுவதும் கூட்டுவாள். ஒரு கோடும் அழிந்ததில்லை. எப்படித்தான் கூட்டுகிறாளோ. இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

இத்துடன் ஒரு இலை வைத்திருக்கிறேன். ஊதிப் பார்.

பீப்பீச் சித்தப்பா


கறம்பக்குடி
5-8-1946

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

செவந்தியின் நமஸ்காரம். இலை வந்து சேர்ந்தது. வருவதற்குள் காய்ந்து மடிப்பில் கிழிந்துவிட்டது. ஊதினேன், காற்றுத்தான் வந்தது. “என்னடி, பாம்பு சீறுது” என்றார்கள் வீட்டில். ஆனாலும் வைத்திருக்கிறேன்.

கோடு அழியாமல் கூட்டுகிறவர்கள் நல்லவர்களா? அவர்கள் மேல் தாங்கள் கோபித்துக்கொள்வதுண்டா? எழுதாத நாள் என்று தங்களுக்கு ஏதாவது உண்டா?

தங்களுக்கு இருமல் எப்படி இருக்கிறது? மழை நாளில் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

செவந்தி


புதுக்கோட்டை
16-8-1946

கண்ணு செவந்திக்கு,

ஆசீர்வாதம். இருமல் தேவலை. பேசினைக் கவிழ்த்துப் பரணில் போட்டுவிட்டேன். கால் குளிராமல் எழுதின முதல் கதை இந்த மாதம் வருகிறது. மட்டமாக இருந்தால் குற்றம் உன்னுடையது.

செவ்வாய்க்கிழமை எழுத மாட்டேன். ஏன் என்று கேட்காதே.

கோபித்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறாய். கோபித்துக்கொள்ள முதலில் பேச வேண்டாமா? ஓணானைப் பேசவைப்பேன், உரலைப் பேசவைப்பேன். வீட்டுக்குள் வந்தால் எனக்கு வாய் வருவதில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லக்கூட வருவதில்லை. அவளும் கேட்பதில்லை. நல்லவளா என்றால், நல்லவள்தான்.

இன்னொரு இலை வைத்திருக்கிறேன். இது இளசு. கிழியாது.

பீப்பீச் சித்தப்பா


கறம்பக்குடி
3-11-1946

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நமஸ்காரம். இந்த இலையும் காய்ந்துதான் வந்தது. தாங்கள் எழுதின கதைகள் பதினொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டேன். ஒன்று கேட்க வேண்டும். எல்லாக் கதையிலும் பிள்ளை தனியாகவே கிளம்பிப் போகிறது. அப்பா இருக்கிறார், ராசா இருக்கிறார், கழுதை இருக்கிறது. ஒரு கதையிலும் ஆத்தா இல்லை. ஏன் சித்தப்பா? ஆத்தா மேல் கோபமா?

செவந்தி


புதுக்கோட்டை
20-11-1946

கண்ணு செவந்திக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து உன் எழுத்தைவிடக் கோணலாக இருக்கும்.

நீ கேட்டதை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக யோசித்தேன். சரி, எழுதிப் பார்ப்போம் என்று ஆத்தாளை வைத்து ஒரு கதைக்கு வழி போட்டேன். தூணில் கிளம்பி, ஊருணி என்று போட்ட வட்டம் வரைக்கும் கோடு போனது. அதற்கு மேல் கை நகரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

கதை என்றால் பிள்ளை ஓட வேண்டும். ஆத்தா இருந்தால், அவள் அந்தண்டை திரும்புகிற நேரத்தில்தான் ஓடும். உடனே படிக்கிறவர்கள் எல்லாரும், ஆத்தா எங்கே போனாள், என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேட்பார்கள். அவள் துணிதான் துவைத்துக்கொண்டிருந்தாள் என்று ஒவ்வொருத்தராக நான் போய்ச் சொல்ல முடியுமா? அவளை அந்தக் கேள்வியில் நிறுத்தக் கூடாது என்றுதான் கதைக்குள்ளேயே கூப்பிடுவதில்லை. கோபம் இல்லை.

இலை பறிக்க எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த தடவை.

பீப்பீச் சித்தப்பா


புதுக்கோட்டை
11-2-1947

பீப்பீச் சித்தப்பாவுக்கு,

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நீங்கள் எழுதாத நாள். பிள்ளை போன நாள். நான் எழுதுகிறேன்.

அந்தக் கடைசிக் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். நீங்கள் கூடத்தில் படுத்திருந்தீர்கள். நடுவில் ஒரு சுவர். இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று வந்து பக்கத்தில் நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்தீர்கள்.

“கஞ்சி காச்சவா?” என்றேன்.

“வேணாம். வெந்நி குடு” என்றீர்கள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு மாதம் இருந்தீர்கள். கஞ்சி, வெந்நி, போர்வை, இதைத் தாண்டி நாம் இரண்டு பேரும் போகவே இல்லை. நான்தான் செவந்தி என்று சொன்னால் உங்களுக்குச் செவந்தி இல்லாமல் போய்விடுவாள் என்று பயந்தேன். ஒரு பிள்ளையை ஏற்கெனவே தொலைத்தவள் நான்.

உங்கள் பெட்டியைக் கருமாதி அன்றைக்கு ராத்திரிதான் திறந்தேன். பிள்ளைகள் கடிதம் எல்லாம் ஒரே கட்டாகச் சணலில் கட்டியிருந்தது. செவந்தி கடிதம் மூன்றும் அதில் இல்லை. அடியில் அம்பாளுவின் பச்சைப் பாவாடைக்குள் மடித்து வைத்திருந்தீர்கள். பாவாடையை நானே மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

சொர்ணவல்லி கருமாதிக்கு முந்தின நாளே வந்து இரண்டு நாள் இருந்தாள். அவளிடம் காட்டினேன்.

“வாத்தியாருக்குத் தெரியாமயா இருக்கும்? பிள்ளைக்கு நீ செலேட்டுல அனா ஆவன்னா எழுதிக் குடுத்தத தெனம் பாத்த மனுசன். கறம்பக்குடிப் புள்ளைக்குத் தன் இருமல் எப்புடித் தெரியும்னு ஒரு வார்த்த கேட்டாரா பாரு” என்றாள்.

ஆவுடையப்பன் அண்ணன், “அட நீ வேற. முத்திரையப் பாத்தா நம்பாம என்ன செய்வாரு? அம்பாளு இருந்தா இப்ப அந்தப் புள்ள வயசுதான். தம் பிள்ளையா நெனச்சு மடிச்சு வச்சிருக்காரு, பாவம்” என்றார்.

இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் மற்றது வந்து குத்துகிறது. அண்ணன் சொல்வதுபோல் இருந்தால், சாகப்போகிற மனுஷருக்கு இல்லாத பிள்ளையைக் காட்டி ஏமாற்றியிருக்கிறேன். கோபம் இல்லை என்று நீங்கள் யாரோ ஒரு பிள்ளையிடம் சொன்னதைத் திருடி வைத்துக்கொண்டிருக்கிறேன். சொர்ணவல்லி சொல்வதுபோல் இருந்தால், நாம் இரண்டு பேரும் கடலை மூட்டை வழியாகப் பேசிக்கொண்டு, ஒரே வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். தெரிந்திருந்தும் ஒரு தடவை ‘செவந்தி’ என்று என்னைக் கூப்பிட்டிருக்கலாம். வெந்நி கேட்கும்போது கூப்பிட்டிருக்கலாம்.

ரெங்கசாமி அண்ணன் கருமாதிக்கு வந்தார். இலை போட்டதும் எழுந்து சாப்பிடாமல் போய்விட்டார்.

தூணில் இருந்து ஊருணி வரைக்கும் நீங்கள் போட்ட கோடு உங்களை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் இருந்தது. வந்தவர்கள் மிதித்தார்கள். அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். கோடு இருக்கிறது, பார்த்து ஊற்றுங்கள் என்று நான் யாரிடம் சொல்வது. மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் கூட்டும்போது தூணுக்குப் பக்கத்தில் கை தானாக வளைந்துபோகிறது. அங்கே ஒன்றும் இல்லை.

வாசலில் போய் ஒரு இலை பறித்துச் சுருட்டி ஊதினேன். பச்சை இலைதான். எனக்கு ஊத வரவில்லை.

இந்தக் கடிதத்தைக் கறம்பக்குடிக்குக் கொடுத்துவிட வேண்டியதில்லை. எங்கே முத்திரை குத்தினாலும் உங்களிடம் வராது. ஆனாலும் கேட்கிறேன். கோபம் இல்லை என்று எழுதினீர்களே, அதைச் செவந்திக்கு எழுதினீர்களா, எனக்கு எழுதினீர்களா?

அழகம்மாள்