உப்புக்குள் இருந்த உன் பியானோ

என் ரூபி அக்கா,

நீ போய் ஏழு வருடம் ஆகிறது. நீ இருக்கிற இடத்துக்குத் தபால் உண்டா என்று தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். இதை நம் சபையின் மாதப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். தம்பி அக்காவுக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பாய். படித்தால்தான் எனக்கு ஆறும்.

நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. சுமாராக இருக்கிறேன். வேலூர் ஆஸ்பத்திரியில் அதே ரெக்கார்டு செக்‌ஷன், அதே இரும்பு அலமாரிகள். எந்த நோயாளியின் பழைய ஃபைல் காணாமல் போனாலும் "ஞானத்தைக் கேளு, தேடிக் கொடுத்துடுவான்" என்கிறார்கள். எதிர்வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் தெருவே அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. என்னையும் கூப்பிடுகிறார்கள், நான் போவதில்லை. விடுமுறை நாளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது. உன் டைப்ரைட்டரைப் பலர் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா, நீ ஆர்கெஸ்ட்ராவில் வாசித்ததைக் கேட்டுவிட்டேன்.

"அதான் அப்பவே கேட்டியேடா" என்பாய். இல்லை அக்கா. அப்போது நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் சொன்னது பொய்.

பெங்களூரில் ஃபீலிக்ஸ் மாஸ்டரின் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவில் நாலு வருடம் நீ பியானோ வாசித்தாய். பதினாலு பேரில் நீ ஒருத்திதான் பெண். ஞாயிறு பள்ளியில் ஹார்மோனியம் வாசித்த கை டான்ஸ் ஹாலுக்குப் போய்விட்டதே என்று ஊரே பேசியது. மிஷன் பள்ளித் தலைமையாசிரியரான அப்பா உன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். அப்போதுதான் நீ எனக்கு எழுதினாய்: "ஞாயிறு நாலு மணிக்கு வாசிக்கிறோம். ஒரே ஒரு தடவை வந்து கேளு. நம்ம வீட்டுல ஒரு ஆள் கேட்டாப் போதும் எனக்கு."

வந்தேன் அக்கா. ஆம்பூரில் ரயில் ஏறி, துவைத்த வெள்ளைச் சட்டையோடு அந்த ஹாலின் கேட் வரைக்கும் வந்தேன். ஜன்னல் வழியே நீ தெரிந்தாய். கையில்லாத ஜாக்கெட், உதட்டில் சாயம், பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அன்று ஆட்டம் பாட்டு ஆகாத ஓய்வுநாள் வேறு. வாட்ச்மேன் "உள்ள போங்க சார்" என்றுதான் சொன்னான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது, திரும்பி நடந்துவிட்டேன். ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து நேரத்தைத் தள்ளிவிட்டு உன் அறைக்கு வந்தேன்.

நீ கதவைத் திறந்ததும் கேட்டது, "எப்படிடா இருந்துச்சு?"

"ஜோர் அக்கா. கடைசியா ஒண்ணு மெதுவா வாசிச்சியே, அழுகையே வந்துடுச்சு" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். நீ ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாய். அப்புறம் சாப்பாடு போட்டாய்.

இரண்டு வருடத்தில் அப்பாவுக்குக் கை கால் விழுந்தது. உன்னை வரச் சொல்லி எழுதியவன் நான்தான். வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. ஆம்பூரில் தோல் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட் ஆனாய், அதிலேயே உன் காலம் முடிந்தது. வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்து அந்தப் பழைய பேச்சை எடுத்தால், "என்னைக் கேக்காதீங்க, ஞானம் நேர்ல வந்து கேட்டிருக்கான், அவனைக் கேளுங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுவாய். நானும் அளப்பேன். டிரம்பெட் இப்படி, டிரம்ஸ் அப்படி, கடைசியில் அக்கா மெதுவாக ஒன்று வாசித்தாள் பாருங்கள் என்று. நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்பாய். என் பொய் வருடத்துக்கு வருடம் சதை போட்டது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று வீட்டில் அப்படி ஒரு அமைதி. நீ வாசித்தது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே என்பது அப்போதுதான் உறைத்தது. ஊரார் ஃபைலையெல்லாம் தேடிக் கொடுக்கிறவன் இதைத் தேடக்கூடாதா?

ஆர்கெஸ்ட்ரா இசைத்தட்டு எதுவும் போடவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனாலும் பெங்களூர் போனேன். அந்த ஹாலில் இப்போது கட்டில் பீரோ விற்கிறார்கள். விசாரித்து விசாரித்து, லீவு கிடைத்த போதெல்லாம் அலைந்து, மூன்றாவது வருடம் உங்கள் டிரம்மரைப் பிடித்தேன். இன்னும் மேஜையைத் தட்டிக்கொண்டேதான் பேசுகிறார். "ரிக்கார்டு பண்ணது ஒரே ஒருத்தர்தான். தோல் சாம்பிள் எடுத்துக்கினு வருவாரே, மேல்விஷாரம் நஸீர் பாய். ஸ்பூல் டேப் மெஷினைத் தூக்கினு வந்து, மைக்கை ரூபிகிட்டயே வச்சிடுவாரு. உங்க ஊர் பக்கத்துல வச்சிக்கினு இங்க வந்து தேடறீங்களே சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வேலூரிலிருந்து மேல்விஷாரம் டவுன் பஸ் தூரம்.

அடுத்த நாளே போனேன். நஸீர் பாய் காலமாகிவிட்டார். அவருடைய பச்சைத்தோல் மண்டியை இப்போது தம்பி ஹபீப் பாய் பார்க்கிறார். "அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போறப்போ அந்த ஸ்பூலையெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு முனிசாமி மேஸ்திரிகிட்ட குடுத்துட்டுப் போனாருங்க. கெட்டுப் போகாம பாத்துக்கோன்னு சொன்னாரு. அப்புறம் அவரு வரவே இல்ல" என்றார்.

முனிசாமி மேஸ்திரிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். மண்டியில் வந்து இறங்குகிற தோலுக்கெல்லாம் உப்புப் போட்டு அடுக்குவது அவர் வேலை. விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "இத்தினி வருஷம் கழிச்சி வர்றீங்களே சார்! பத்திரமா வச்சிருக்கேன் சார். ஒண்ணும் ஆகியிருக்காது" என்று உள்ளே ஓடினார். பெரிய தகர டப்பா ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து திறந்தார்.

உப்பு. விளிம்பு வரைக்கும் கல்லுப்பு.

அவர் கையை விட்டு ஒவ்வொரு ஸ்பூலாக எடுத்தார். ஒரு அடுக்கு உப்பு, ஒரு ஸ்பூல், மறுபடி ஒரு அடுக்கு உப்பு. தோலை எப்படி அடுக்குவாரோ அப்படி. "வருஷா வருஷம் பழைய உப்பைக் கொட்டிட்டுப் புது உப்பு போடுவேன் சார். ஒரு மழைக்காலம் கூட மறந்ததில்ல" என்றார்.

முதல் இரண்டு ஸ்பூலும் துருப்பிடித்து, ஈரம் ஊறி, வெல்லப்பாகு போல ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் நெம்பினேன், நாடா பொடியாகக் கையோடு வந்தது. என் கோபம் உனக்குத் தெரியும். அந்த வயதான மனுஷரைப் பார்த்து, "அறிவிருக்காய்யா உனக்கு? டேப்புக்கு எவனாவது உப்பு போடுவானா?" என்று கத்திவிட்டேன். மண்டியே திரும்பிப் பார்த்தது.

அவர் பொடியாகிப்போன நாடாவைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "கெடக் கூடாதுன்னு சொன்னாரு சார். கெடக் கூடாதுன்னா உப்புதானே சார் போடணும்? எனக்கு வேற இன்னா தெரியும்?" என்றார். கண்ணைத் துடைத்தார், உப்புக் கையோடு. அதில் கண் இன்னும் எரிந்திருக்கும். எனக்குக் கூசிப்போயிற்று அக்கா. கேட் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியவன், வருடா வருடம் மறக்காமல் உப்பு மாற்றியவரைத் திட்டுகிறேன்.

டப்பாவின் அடியில் மூன்றாவது ஸ்பூல் இருந்தது. அதை மட்டும் நஸீர் பாயே ஒரு மெல்லிய பதனிட்ட ஆட்டுத்தோலில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். "இதைப் பிரிக்க வேணாம்னு சொன்னாரு, அதான் அப்பிடியே வச்சேன்" என்றார் மேஸ்திரி. உப்பு அந்தத் தோலோடு நின்றிருந்தது. இது ஒன்றை மட்டும் பாய் ஏன் அப்படிச் சுற்றிவைத்தார்?

வேலூரில் லாங்கு பஜார் ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் பழைய ஸ்பூல் மெஷின் இருந்தது. ஈரம் ஊறி ஓரம் முழுக்கப் போய்விட்டது என்றார். பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து ஒரு வாரம் துடைத்து, அறுந்த இடமெல்லாம் ஒட்டி, பிழைத்ததை கேசட்டில் ஏற்றிக் கொடுத்தார். இருபது நிமிடம் தேறியது. மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டு, கையோடு வீட்டுக்கு அழைத்துவந்தேன். போன ஞாயிறு, சாயங்காலம். நீ அன்று எழுதியிருந்த அதே நாலு மணி. இரண்டு நாற்காலி போட்டேன். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு டம்ளரில் டீ ஊற்றினேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு டிரம்பெட்டுகள் ஒன்றாக எழுந்தன. அதற்கு அடியில் நீ. எனக்கு இசை தெரியாது அக்கா, கேட்டதைச் சொல்கிறேன். மற்ற பதிமூன்று பேரும் நேராகப் போகிறார்கள். நீ அவர்களுக்கு நடுவில் புகுந்து, நின்று, ஒரு பக்கமாக ஓடி, மறுபடி சரியாக வந்து சேர்ந்துகொள்கிறாய். ஒரு இடத்தில் யாரோ "ரூபி! ரூபி!" என்று கத்துகிறார்கள். நீ சிரிக்கிறாய். அப்படி நீ சிரித்து நம் வீட்டில் நான் கேட்டதே இல்லை. உன்னை வரச் சொல்லி எழுதின கடிதம் ஞாபகம் வந்தது. டீ ஆறிப்போயிற்று.

பாட்டு முடிந்து கைத்தட்டல். மெஷினை பாய் நிறுத்தவில்லை போலிருக்கிறது. மைக் உன் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவர் குரல் வருகிறது.

"ரூபிம்மா, உன் தம்பி வந்தாம்மா. உன் ஜாடைதான், பாத்ததும் தெரிஞ்சிது. கேட் கிட்ட நின்னான். நான் போய் கூப்பிடறதுக்குள்ள போய்ட்டான்."

ஒரே ஒரு கட்டையை மட்டும் இரண்டு தடவை தொடுகிறாய். பிறகு நீ பேசுகிறாய்.

"பரவால்ல பாய். வந்தேன், கேட்டேன்னுதான் சொல்லுவான் பாருங்க. நானும் சரின்னுடுவேன். அவனுக்கு அப்பான்னா ஜாஸ்தி பயம்."

முனிசாமி மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு சார் அந்தத் தம்பி?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு மேல் ஏதேதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கம்முனு இருங்க சார்" என்றார் அவர். "அக்கா வாசிக்கிறாங்க."

அதுதான் கடைசிப் பாட்டு. மெதுவானதே இல்லை. அப்படி ஒரு வேகம், ஹாலே காலால் தட்டுகிறது. ஆக, அன்று உன் அறையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உனக்குத் தெரியும். அப்புறமும் சோறு போட்டாய். வருகிறவர்களிடமெல்லாம் "ஞானத்தைக் கேளுங்க" என்றாயே, அது என்னைக் கிண்டல் செய்ததா? இல்லை, பொய்யானாலும் பரவாயில்லை, உன் வாசிப்பைப் பற்றி யாராவது நாலு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்ததா? இரண்டாவதாக இருந்தால் நான் எப்படித் தாங்குவேன்?

அதனால்தான் இதை எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன். நம் வீட்டில் உட்கார்ந்து என் அளப்பைக் கேட்டவர்களில் பலர் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அவர்களுக்கும் சொல்கிறேன்: கடைசிப் பாட்டு வேகமானது.

இனி ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அதைப் போடுவேன் அக்கா. மேஸ்திரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசல் கதவைத் திறந்தே வைப்பேன். யாராவது கேட் வரைக்கும் வந்து தயங்கி நின்றால், அவர்கள் திரும்புவதற்குள் எழுந்துபோய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருவேன். இது பொய்யில்லை.

நம்ம வீட்டில் ஒரு ஆள் கேட்டுவிட்டான், அக்கா.

உன் தம்பி,
ஞானம்