அக்கரையில் வாங்கிய லேப்டாப்

மார்ச் 4, செவ்வாய்

லேப்டாப் செத்துவிட்டது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருத்துவமனைக்காக வீட்டிலிருந்தே டாக்டர்களின் கடிதங்களைத் தட்டச்சு செய்யும் வேலையில் இன்னும் சோதனைக் காலத்தில்தான் இருக்கிறேன். இது போனால் மறுபடி மீன் தொழிற்சாலை, ரப்பர் பூட்ஸ். வெள்ளிவரை பொறுப்பதாக மேலாளர் சொன்னார். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

மார்ச் 5

ஆற்றுக்கு அக்கரையில், ஸ்ட்ரபேனில் வாங்கியது. எங்கள் லிஃபோர்டில் யார்தான் பாலம் தாண்டி வாங்காமல் இருக்கிறார்கள்? இங்கே யூரோ, அங்கே பவுண்டு, அவ்வளவுதானே!

கடைக்காரன் கைவிரித்துவிட்டான், உத்தரவாதத்துக்குக் கம்பெனியைத்தான் கேட்கணுமாம். கம்பெனியின் பிரிட்டன் எண்ணில், "நீங்க அயர்லாந்துல இருக்கீங்க மேடம், அங்க பேசுங்க." அயர்லாந்து எண்ணில், "வாங்கினது பிரிட்டன்லங்க, அங்க பேசுங்க." நடுவில் அந்தப் பாழாய்ப்போன இசை. என் சமையலறை ஜன்னலில் நின்றால் அந்தக் கடையின் கூரை தெரிகிறது!

என் வீட்டுக்காரர் யூனன் சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்மா, மாலகி விலாசத்தைக் குடுத்துத் தொலையேன்" என்றார். மாலகி ஸ்ட்ரபேனில் நம் ஊர்க்காரர்களின் பார்சல்களை வாங்கி வைக்கிற கடைக்காரர். பாதி லிஃபோர்டுக்கு அதுதான் விலாசம். பிரிட்டன் எண்ணில் அதையே கொடுத்தேன். உடனே தேனாகப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை ஆள் வீட்டுக்கே வருவாராம்.

மார்ச் 6

வீட்டுக்கே. எந்த வீட்டுக்கு?

மார்ச் 7

பார்சல் குவியலுக்கு நடுவே, மாலகியின் கல்லா ஓரம் காத்திருந்தேன். பழுதுபார்க்க வந்தவன் சுற்றிப் பார்த்தான். "இதுதான் உங்க வீடா?"

"பெரிய குடும்பம்ப்பா" என்றார் மாலகி.

உள்ளே எதையோ மாற்றினான். திரையில் வெளிச்சம் வந்தது. அழுதேவிட்டேன். வேலை நேரம் தொடங்கிவிட்டது, வீட்டுக்கு ஓட அவகாசமில்லை. மாலகியின் வைஃபையில் அங்கேயே உட்கார்ந்து எல்லாக் கடிதங்களையும் அடித்து அனுப்பினேன். ஒன்றில்கூடப் பிழை இல்லை.

மார்ச் 10

மேலாளர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை எந்த நாட்டுல இருந்து வேலை பார்த்தீங்க?" நோயாளிகளின் விவரத்தை வெளிநாட்டில் திறக்கக் கூடாது என்பது விதி.

"பாலத்துக்கு அந்தப் பக்கம்தாங்க. நடந்தே போயிடலாம்."

"அது வேற நாடு, அசம்ப்டா."

பிறந்ததிலிருந்து பால் வாங்கப் போகிற இடம். வேறு நாடாம்! எனக்கு எப்படித் தோணும்? அய்யோ, அரை மணி தாமதமா ஆரம்பிச்சா என்ன குடியா முழுகியிருக்கும்? எனக்கு ஏன் இப்படி அவசரம் —

மார்ச் 19

லேப்டாப் அருமையாக ஓடுகிறது. விற்பதற்கு விளம்பரம் போட்டேன்.

காலை ஷிப்ட் முடிந்து, ரப்பர் பூட்ஸைக் கழற்றும்போது ஃபோன் வந்தது. யாரோ ஒரு பெண். விலையைக்கூடக் கேட்கவில்லை.

"எந்தக் கரைல வாங்கினதுங்க?"

சொன்னேன்.

"அப்ப வேணாங்க" என்று வைத்துவிட்டாள்.