மலை உச்சியில் இரண்டு தரம் கூப்பிட்டாய்

என் அன்பு நாகம்மா,

நான் சொல்லச் சொல்ல மருமகள் வசந்தி எழுதுகிறாள், உன் ஆண்டு நினைவு மலரில் போடுவதற்கு. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அதில் வெட்கமில்லை.

போன சனிக்கிழமை உன் மகன் குமார் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கனோபோலாஸ் என்ற மலைக்குப் போனான். சிட்னியிலிருந்து அரை நாள் ஓட்டம். ஒரு காலத்தில் நெருப்புக் கக்கிய மலையாம். உச்சிவரை கார் போகிறது. அங்கே நின்று பொழுதுபடுவதைப் பார்க்கத்தான் அவ்வளவு பெற்றோல்.

"இப்ப அது செத்த மலை அப்பா, பயப்பிடாதேங்கோ" என்றான்.

"செத்தது செத்தபடி கிடக்கும் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்றேன். வசந்தி சிரித்தாள்.

என்னை ஏன் கூட்டிப்போனான் என்று எனக்குத் தெரியும். விசா முடியப்போகிறது. இங்கேயே இருந்துவிடச் சொல்லி எத்தனையோ நாளாகக் கேட்கிறான். நான் மாட்டேன் என்கிறேன். உன் சாம்பலை எங்கள் ஊர்க் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தவன் நான். நீ இவ்வளவு தண்ணீரைத் தாண்டி வருவாயா? வந்தாலும், சிட்னியில் இந்த மெரிலேண்ட்ஸில் ஒரே அச்சில் வார்த்த ஓட்டு வீடுகளுக்குள் எங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பாய்?

உச்சியில் கறுத்த கல்லும் முறுகிய மரங்களும்தான். குளிர் காதுக்குள் புகுந்தது. அவர்கள் இருவரும் சூரியனைப் பார்த்து நின்றார்கள். எனக்குக் கண் கூசியது, திரும்பிக்கொண்டேன். மலையின் நிழல் கிழக்கே கூராக நீண்டு போய்க்கொண்டிருந்தது. செம்மறிகளை மூடியது, பிறகு ஒரு வீட்டை மூடியது.

அந்த நிழல் பக்கமிருந்துதான் நீ கூப்பிட்டாய்.

"இஞ்சாருங்கோ."

என் பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கு நான் எப்போதும் இஞ்சாருங்கோதான். குசினி அடுப்படியிலிருந்து கூப்பிடுவாயே, அதே குரல், அதே கொஞ்ச அவசரம். வசந்தி குமாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். அந்த மலையில் வேறு தமிழ் ஆட்கள் இல்லை.

என் பழக்கம் உனக்குத் தெரியும். பொழுதுபட்டால், மூன்றாம் தரம் கூப்பிடும்வரை வாய் திறக்கமாட்டேன். பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது என்று என் தாய் சொல்லி வளர்த்தது. நீ சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் களைத்துப்போவாய். "பேய்க்கும் பெஞ்சாதிக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனை எனக்குக் கட்டிவைச்சாங்கள்" என்று சோற்றுக் கோப்பையைத் தட்டென்று வைப்பாய்.

இரண்டாம் தரமும் கூப்பிட்டாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்து நின்றேன். சூரியன் விழுந்தது. நிழலும் நிலமும் ஒன்றாகிவிட்டன. கோபித்துக்கொண்டு போய்விட்டாயா? அல்லது எங்களோடு காரில் ஏறிவிட்டாயா?

"ஏன் அப்பா நடுங்குறியள்?" என்று குமார் கம்பளியைப் போர்த்தினான்.

"நான் ஊருக்குப் போகேல்லை. இஞ்சையே இருக்கிறன், எழுதிக் குடு" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தோஷத்தில் கேட்கவுமில்லை.

இப்போது வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் ஓம் என்று பதில் கொடுக்கிறேன். தண்ணீர் கொதித்துக் கேத்தில் கூவினாலும் ஓம், கதவு அசைந்தாலும் ஓம். "மாமா, ஆரோடை கதைக்கிறியள்?" என்கிறாள் வசந்தி. இந்த இடத்தில் அவள் கை நின்றுவிட்டது. எழுது பிள்ளை என்கிறேன்.

இனி உன்னை மூன்று தரம் கூப்பிடவைக்கமாட்டேன், நாகம்மா. எந்த இருட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே எழும்பி வருவேன்.

மெரிலேண்ட்ஸிலிருந்து,
உன்னுடைய இஞ்சாருங்கோ