பக்கத்து இருக்கையின் பிரேக்

அனுப்புநர்:
பயிற்றுநர் மற்றும் உரிமையாளர்,
பெண்கள் கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி,
அச்சகத்துக்கு மேல்மாடி, பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
நகரப் போக்குவரத்துக் காவல் பிரிவு.

பொருள்: 3ஆம் தேதி நடந்த கார் விபத்தில் பிரேக் பிடித்தது நான்தான் என்று பதிவு செய்யவும், பிடிக்காதவர் மீது எழுதப்பட்ட குற்றத்தை நீக்கவும் வேண்டுதல்.

பார்வை: 1. தங்கள் நிலைய விபத்து அறிக்கை, நாள் 3. 2. என் கடிதங்கள், நாள் 5 மற்றும் 7 (இரண்டுக்கும் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் பணிவாக இருந்தன. இதிலும் பணிவுக்குக் குறை வைக்க மாட்டேன், ஆனால் பொறுமை தீர்ந்துவிட்டது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

1. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் பயிற்சி வண்டியில் ஓட்டுநர் காலடியில் ஒரு பிரேக்கும், பக்கத்து இருக்கையில் என் காலடியில் இன்னொரு பிரேக்கும் உண்டு. இரண்டாவதை நான் அடிக்கடி பயன்படுத்துவதால் மாணவிகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பிரேக் டீச்சர்'. பேருந்தில் போனாலும், பல் மருத்துவர் நாற்காலியில் சாய்ந்தாலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இதை எழுதும்போதும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

2. 3ஆம் தேதி காலை பத்தேகால் மணிக்கு என் மாணவி ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்து மூன்று, பள்ளி நூலகர். அவர் பெயர் இணைப்பில் உள்ளது. பல கை மாறும் இந்தக் காகிதத்தில் அதை எழுத எனக்கு மனமில்லை. கண்ணாடிக் கடைப் பணியாளர்கள் இருவர் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு, திடீரென்று சாலையின் குறுக்கே வந்துவிட்டார்கள். மாணவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மாதிரி நேரத்துக்காகத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் பிரேக்கை மிதித்தேன். கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. பின்னால் ஒட்டிக்கொண்டே வந்த பார்சல் வேன் நிற்கவில்லை. எங்கள் டிக்கி பின் இருக்கைவரை உள்ளே வந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

3. என் பள்ளியில் கடைசிப் பாடம் வண்டி ஓட்டுவது பற்றியது அல்ல. இடித்த பிறகு ஒரு பெண் என்ன செய்ய வேண்டும் என்பது. எஞ்சினை அணை, எச்சரிக்கை விளக்கைப் போடு. உடன் இருப்பவருக்கு அடிபட்டதா என்று பார். தனியாக இருந்து பயமாக இருந்தால் கதவைப் பூட்டிக்கொண்டே உதவிக்கு அழை. நான்கு பக்கமும் படம் எடு. எதிர் வண்டியின் எண்ணையும் பார்த்தவர்களின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார். படிக்காமல் கையெழுத்துப் போடாதே. முக்கியமாக, யார் மீது தவறு என்று தெரியும் முன் மன்னிப்புக் கேட்காதே. என் மாணவி இவ்வளவையும் வரிசை தப்பாமல் செய்தார். கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பதினொரு படங்கள் எடுத்தார். ஆசிரியை என்ற முறையில் அந்த இடத்திலேயே பெருமைப்பட்டேன்.

4. கடைசி ஒன்றில் மட்டும் தவறினார். வேன் ஓட்டுநர் கதவை அறைந்து இறங்கி வந்ததும், அவர் வாய் திறக்கும் முன்பே, "மன்னிச்சிருங்க தம்பி" என்றார். இவர் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடமும் மன்னிப்புக் கேட்பவர். நூலகத்தில் புத்தகம் கீழே விழுந்தால் அதனிடமும் கேட்பார். முப்பது ஆண்டுப் பழக்கத்தைப் பத்து நாள் பாடம் மாற்றாது. வேன் ஓட்டுநரோ கூடிய கூட்டத்தைப் பார்த்து, "கேட்டீங்கல்ல? அவங்களே ஒத்துக்கிட்டாங்க!" என்று மூன்று முறை சொன்னார்.

5. பிறகு தங்கள் உதவி ஆய்வாளர் வந்தார். "வண்டிய ஓட்டுனது யாரு?" என்றார். மாணவி கை தூக்கினார். "அப்ப நீங்க யாரும்மா?" என்று என்னைக் கேட்டார். நான் டீச்சர், பிரேக் பிடித்தது நான், என்றேன். "ஓட்டுனவங்க கிட்டதான் பேசிட்டிருக்கேன். நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார். அவருடைய படிவத்தில் ஓட்டுநர், பயணி என்று இரண்டே கட்டங்கள். நான் பயணி ஆனேன். 'பழகுநர் பதற்றத்தில் திடீரென்று பிரேக் பிடித்ததே விபத்துக்குக் காரணம். தவறை அவரே ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். ஒரு முறை வண்டிக்குள் குனிந்து பார்த்திருந்தால் என் பிரேக் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

6. மாணவி அதைப் படித்துவிட்டு, "நான் அந்த அர்த்தத்துல சொல்லல சார்" என்று கையெழுத்துப் போட மறுத்தார். அதற்குள் யாரோ சொல்லி அவர் மகன் வந்து சேர்ந்தார். "இந்த வயசுல வேண்டாம்னு அப்பவே தலையால அடிச்சிக்கிட்டேன். போட்டுட்டு வாம்மா, எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு" என்றார். மாணவி கையெழுத்தைப் போட்டுவிட்டார். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நில் என்றால் நிற்காதே என்று நானூறு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், என் முறை வந்தபோது நின்றுவிட்டேன். கழுத்து வலி என்று காரணம் சொல்லலாம். அது முழு உண்மை அல்ல. அதுதான் என்னை இப்போது ஓர் இடத்தில் உட்கார விடாமல் அடிக்கிறது.

7. அந்த அறிக்கையால் அவருடைய பழகுநர் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அவருடைய ஓட்டுநர் தேர்வு வரும் 18ஆம் தேதி. அவர் பொழுதுபோக்குக்காகக் கார் பழகவில்லை. அவர் கணவருக்கு இரு சிறுநீரகங்களும் பழுது. வாரம் மூன்று நாள் நகரின் மறுகோடி மருத்துவமனைக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். இதுவரை மகன் அழைத்துப் போகிறார். மகன் 30ஆம் தேதி வெளியூர் வேலைக்குப் போகிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு காரும், நோயாளி ஒருவரும், ஓட்டக்கூடாது என்று தாங்கள் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு பெண்ணும்தான் இருப்பார்கள்.

8. நேற்று அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பாடப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாசல்வரை போனவர் நின்று, "டீச்சர், ஒருவேளை நானும் மிதிச்சிருப்பேனோ? இப்ப யோசிச்சா எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். ஐயா, அவர் கால் பிரேக் பக்கமே போகவில்லை. ஆக்ஸிலரேட்டரின் மேலேயே மரத்துப்போய்க் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் காலைப் பற்றி அவரையே சந்தேகப்பட வைத்துவிட்டது தங்கள் அறிக்கை. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

ஆகவே கண்ணாடிக் கடைப் பணியாளர்கள் இருவரையும் விசாரிக்க வேண்டுகிறேன். அவர்கள் எண்களை மாணவி அன்றைக்கே குறித்து வைத்திருக்கிறார். பிரேக் பிடித்தவள் என்று என் வாக்குமூலத்தைப் பதிவு செய்து, மாணவி மீது எழுதிய இரண்டு வரிகளையும் 18ஆம் தேதிக்கு முன் நீக்க வேண்டும். நான் மிதித்தது தவறு என்று தங்களுக்குத் தோன்றினால் என் பயிற்றுநர் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பன்னிரண்டு ஆண்டுச் சோறு, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தவறு என் பெயரில்தான் இருக்க வேண்டும்.

இதில் எதையும் நம்ப முடியவில்லை என்றால், எங்கள் வண்டி டிக்கி நசுங்கியபடியே தங்கள் நிலைய முற்றத்தில்தான் நிற்கிறது. எஞ்சின் நன்றாக ஓடும். தாங்கள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வண்டியை நகர்த்திவிட்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொள்ளுங்கள். நான் பக்கத்து இருக்கையில் இருப்பேன். வண்டி நிற்கும். நிறுத்தியது யார் என்று அதன்பின் தாங்களே தங்கள் கையால் எழுதுங்கள்.

நாளை காலை ஒன்பது மணிக்கு நிலைய வாசலுக்கு வருகிறேன். இம்முறை ஓரமாக நிற்க மாட்டேன்.

இடம்: பயிற்சிப் பள்ளி அலுவலகம்
நாள்: 11

இப்படிக்கு,
உண்மையுடன்,
(ஒப்பம், பள்ளி முத்திரையுடன்)
பயிற்றுநர், தங்கள் அறிக்கையின்படி, பயணி.

இணைப்பு: மாணவியின் பழகுநர் உரிம நகல், அவர் எடுத்த பதினொரு படங்கள். ஏழாவது படத்தில் என் காலடிப் பிரேக்கும் அதன் மேல் என் செருப்பும் தெளிவாகத் தெரியும். அதை எடுக்கச் சொல்லி நான் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.