இரண்டாம் டிவிஷனிலிருந்து அம்மாவுக்கு

மேற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றே ஆயுளில் பாதியைக் கழித்த என் அம்மாவுக்கு,

நாம் இறங்கிவிட்டோம். சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். நம் வெள்ளிமீன் கால்பந்துக் கழகம் மாவட்ட லீக்கின் முதல் டிவிஷனில் கடைசியாக வந்தது. இனி இரண்டாம் டிவிஷன். நீ இருந்தவரை ஒருமுறைகூட நடக்காதது, நீ போன இரண்டாம் வருஷமே நடந்துவிட்டது.

ஒப்பாரி வைக்க எழுதவில்லை. நடந்ததை உன்னிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டர். டிரங்க் கால் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தேறிய குரல். வேலை முடிந்ததும் கைப்பையோடு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவாய். ஆம்பிளைகள் மட்டும் நிற்கிற இடத்தில் ஒரே ஒரு வாயில் துணிச் சேலை. "ஏலே, எடதுபக்கம் ஒருத்தன் தனியா நிக்கான், கண்ணு தெரியலையா?" என்று நீ கத்தினால் எதிர் அணிக்காரனே திரும்பிப் பார்த்துவிட்டு அந்த ஆளைப் பிடிக்க ஓடுவான். ஊருக்கே நீ எக்ஸ்சேஞ்சு அக்கா.

நம் சொந்தக்காரர்களுக்கு அது பெரிய குறை. "முட்டைகூட நுழையாத சைவ வீடு. இவ போயி மீன் டீமுக்குக் கத்துதா" என்று பெரிய அத்தை கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்தே சொன்னாள். நீ சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே, "கத்துததுக்குச் சைவம் அசைவம் உண்டா மதினி" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாய்.

ஒரு தடவை நடுவரைப் பார்த்து, "சார், கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டீங்களா" என்று கேட்டதற்கு அவர் ஆட்டத்தை நிறுத்தி உன்னை வெளியே போகச் சொன்னார். மறுபேச்சில்லாமல் போனாய். இரண்டு நிமிஷத்தில் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியிலிருந்து அதே குரல் வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயசு. அவமானத்தில் மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில் நான் சொன்ன பொய் ஞாபகம் இருக்கிறதா? நம் அணி நான்கு கோல் வாங்கித் தோற்றதைப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுக்கு ஒண்ணு டிராம்மா" என்றேன். யார் கோல் போட்டது என்று கேட்டாய். வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன். நீ கண்ணை மூடியபடியே, "அவனுக்குக் கணுக்கால் சுளுக்குல்லா. அவன் ஆடவே இல்லையேட்டி" என்றாய். பிறகு, "எத்தனை கோலு?" என்றாய். நான்கு என்றேன். "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்றாய். உனக்கு அடுத்த வாரம் இருக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையில் ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லையே அம்மா. அது எங்கிருந்து வந்தது உனக்கு?

இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். புதிதாக ஒரு அணி கிளம்பியிருக்கிறது. சொந்தப் பேருந்து, ஹாஸ்டல், வெளியூர்ப் பயிற்சியாளர் எல்லாம் உண்டு. சீசன் தொடங்கு முன்பே நம்மிடமிருந்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னாலேயே நம் பயிற்சியாளரும் போனார். மிச்சம் நின்றது முட்டி தேய்ந்த மூன்று பெரியவர்களும், மீசை முளைக்காத பிள்ளைகளும்.

அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவன் கோல்கீப்பர் சாகுல், மேலப்பாளையத்துக்காரன், பத்தொன்பது வயசு. இன்னொருவன் இசக்கி. பதினேழு வயசு, இடது விங். மணிமுத்தாறிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அவன் அப்பா அம்மா மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கே வேலை முடிந்து கீழே இறங்கிய குடும்பம். மேலே அவன் ஆடிய இடம் சரிவாம். பந்து காலை விட்டுப் போனால் பள்ளத்தில்தான் போய் எடுக்க வேண்டும். அதனால் இவன் பந்தைக் காலை விட்டுப் போகவே விடமாட்டான்.

முதலில் அதுவே வினையாயிற்று. யாருக்கும் கொடுக்காமல் நான்கு பேருக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்வான். நம் ஆட்களே அவனைத் திட்டினார்கள். "வே, சின்னப் பயல எறக்கி மானத்த வாங்குதீரே" என்று செயலாளர் சங்கரன் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனார்கள். அவருக்கும் வேறு ஆளில்லை. ஹார்டுவேர் கடையைச் சாத்திவிட்டு வந்து, ஒவ்வொரு தோல்வியையும் கைகட்டி நின்று பார்த்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் நம் பக்கம் நிற்பவர்கள் குறைந்தார்கள். ஒரு நாள் உன் இடத்தில் நானும், பக்கத்தில் ஒரு ஆடும் மட்டும் நின்றோம்.

ஆனால் ஆறேழு வாரத்தில் அந்தப் பையன் தலையைத் தூக்கி ஆடக் கற்றுக்கொண்டான். யாரும் சொல்லித்தரவில்லை, அடிவாங்கியே கற்றான். கடைசிக்கு முந்தைய இரண்டு ஆட்டத்தில் ஜெயித்தோம். கடைசி ஆட்டத்தில் டிரா எடுத்தால் போதும், தப்பித்துவிடலாம்.

அன்றைக்கு எதிரில் அந்தப் பேருந்து அணிதான். நம்மை விட்டுப் போன ஐந்து பேரில் நான்கு பேர் ஆடினார்கள். இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் இசக்கி கோட்டோரமாகப் போய், இரண்டு பேரை நிற்கவைத்துவிட்டு உள்ளே திரும்பி, வலது காலால் அடித்தான். இடதுகாலன் அம்மா அவன், வலது காலால் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கார்னர். சாகுல் பந்தைப் பிடிக்க முன்னால் ஓடிவந்தான். கைக்கு எட்டவில்லை. பின்னால் நின்றவன் தலையால் முட்டினான். அவ்வளவுதான்.

விசில் அடித்ததும் சாகுல் கோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். இசக்கி போய் அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். அவன் கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டான்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன், "மீனு கருவாடாயிட்டு வே" என்று கத்தினான். அவர்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. என் வாழ்க்கையில் நான் மைதானத்தில் கத்தியதே இல்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, கையை வாயருகே குவித்துக் கத்தினேன். "மீனுதாம்லே ஒரு நாள்ல கெடும். கருவாடு வருசம் பூரா கெடாது." நம் ஆட்கள் சிரித்தார்கள். கருவாட்டை வாயில் வைத்தறியாத வீட்டில் பிறந்தவள் சொன்னது என்று சாகுலுக்கு யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்த அவனும் சிரித்துவிட்டான்.

அடுத்த வாரம் அண்ணாச்சி கடை மாடியில் பொதுக்குழு. உன் ஆயுள் உறுப்பினர் பதவியை என் பெயருக்கு மாற்றித் தந்திருந்தார்கள், ஒரு மரியாதைக்காக. நான் போவேன் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். சீனியர் அணியைக் கலைத்துவிடலாம், லீவு நாளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் மட்டும் நடத்தலாம் என்று அண்ணாச்சி எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார்.

நான் எழுந்தேன்.

"அண்ணாச்சி, எதுக்குக் கலைக்கணும்?"

"எம்மா, ஆடுததுக்கு ஆளு வேணும்லா. பச்சப் பிள்ளையள வச்சு எத்தன நாளைக்கு அடி வாங்க?"

"அடி வாங்குனது நாமளா, அந்தப் பிள்ளையளா? அவங்க நிறுத்தணும்னு சொன்னாங்களா? யாராவது கேட்டீங்களா?"

பையன்கள் கீழே கடை வாசலில்தான் நின்றார்கள். மேலே கூப்பிடச் சொன்னேன். சாகுல் படியேறி வந்து வாசலிலேயே நின்றான்.

"எல்லாரும் என்னைத்தான் பாக்குதிய. அந்தப் பந்த விட்டது நாந்தான்" என்றான். "எறங்குனதோட டீமே இல்லைன்னு ஆக்கிட்டா, கடைசியாப் பந்த விட்டவன்னு சாவுத மட்டும் எம்பேர்தான் நிக்கும். ரெண்டாம் டிவிஷன்னா ரெண்டாம் டிவிஷன். ஆட விடுங்க அண்ணாச்சி."

கைதூக்கச் சொன்னார்கள். அணி வேண்டும் என்ற பக்கம் இரண்டு கை கூடுதல். அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. சாமான் அறைச் சாவியையும் தீர்மான நோட்டையும் என் பக்கம் தள்ளினார். "அப்பச் சரி. இதையும் நீயே பாரு தாயி." கோபத்தில் சொன்னார்தான். நான் எடுத்துக்கொண்டேன். ஆக, உன் மகள் இப்போது ஒரு கால்பந்துக் கழகத்தின் செயலாளர். பெரிய அத்தைக்குச் செய்தி போய்விட்டது.

நான்கு நாள் கழித்து அண்ணாச்சி கடைப் பையன் ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டான். கோல் வலை கட்டப் புதுக் கயிறு, கொக்கி. சீட்டு ஒன்றும் இல்லை. அந்த மனிதர் அப்படித்தான்.

அதற்குள் அடுத்த இடி. ஒரு மதியம் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இசக்கி வந்தான். கூட்டம் கலையும்வரை தள்ளியே நின்றான்.

"அக்கா, அவங்க கூப்பிடுதாங்க."

யார் என்று கேட்கத் தேவையில்லை.

"ஹாஸ்டல்ல எடம் தாராங்களாம். காலேஜ்லயும் சேத்து விடுதாங்களாம். நம்ம கிளப்பு விடுவிச்சு ஒரு லெட்டர் குடுக்கணும்னாங்க." தலையைத் தூக்கவில்லை. "நீங்க போவாண்டாம்னா நான் போகலக்கா."

"ஒனக்குப் போணும்னு இருக்கா?"

"ரெண்டு பஸ்சு மாறி வந்து ஆடிட்டுத் திரும்புனா வீட்டுக்குப் போவ ராத்திரி ஆயிருது. படிக்க முடியல" என்றான்.

அம்மா, எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வருஷம் முழுக்க அவன் திட்டு வாங்கியபோது உடன் நின்றது நாம். நல்லா ஆடத் தொடங்கியதும் அள்ளிக்கொண்டு போவது அவர்களா? கடிதம் கொடுக்காவிட்டால் ஒரு சீசன் அவனை எங்கேயும் ஆடவிடாமல் நிறுத்தலாம். அப்படிச் செய்யச் சொல்லி நான்கு பேர் எனக்குப் போன் செய்தார்கள்.

அன்று சாயந்திரமே கையெழுத்துப் போட்டேன். காகிதத்தால் ஒரு பிள்ளையின் காலைக் கட்டிப்போடுகிற கழகமாக இதை நடத்த என்னால் முடியாது. "இப்படி எல்லாவனையும் விட்டுட்டு யார வச்சு ஆடப் போற?" என்று நம் ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். "இவன் வாரதுக்கு முந்தி இவனை யாருக்குத் தெரியும்? இன்னொருத்தன் வருவான். அவனையும் நாமதான் மொதல்ல பாப்போம்" என்றேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நீ இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா? உண்மையில் எனக்குத் தெரியவில்லை. உனக்குக் கோபம் என்றால் கனவில் வந்து கத்து.

இப்போது அணியில் சாகுல்தான் கேப்டன். பத்தமடையிலிருந்து இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். ஒருவன் ஓடுவதைப் பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இருக்கும், ஆனால் பந்து அவனிடம் போனால் நிற்கிறது. வருகிற ஞாயிறு மூன்றரை மணிக்குச் சேரன்மகாதேவியில் முதல் ஆட்டம். அதே நேரத்தில் ஊருக்குள் பெரிய மைதானத்தில் பேருந்து அணி ஆடுகிறது. ஊரே அங்கேதான் போகும், போகட்டும். நம்மிடம் பதினொரு பேர் இருக்கிறார்கள், மாற்றுக்கு இரண்டு பேர். பட்டியலை என் கையாலேயே எழுதிவிட்டேன்.

ஜெயிப்போம் என்று உனக்கு நான் வாக்குத் தரமாட்டேன். இந்த வருஷமே மேலே ஏறுவோம் என்றும் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மழையோ வெயிலோ, ஏழு கோல் வாங்கினாலும் சரி, நான் செயலாளராக இருக்கும்வரை எந்த நடுவரும் தன் தாளில் "வெள்ளிமீன் அணி வரவில்லை" என்று எழுதமாட்டார். தோற்பதென்றால் மைதானத்தில் நின்று தோற்போம். மறு ஞாயிறும் போய் நிற்போம்.

உன் குரலில் பாதியாவது வாய்த்திருக்கும் என்று நம்புகிற

உன் ஒரே மகள்,
சிவகாமி